நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

அத்தியாயம் 17

துளி கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. எதிர்வீடு இல்லை, தெருவிளக்கு இல்லை, தெருவே இல்லை. வெள்ளை வெளேரென்று ஏதோ ஒன்று கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. கனவு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துத் திரும்பிப் படுத்தவள், அடுத்த நொடி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

பதினான்கு மாதமாக அவள் காத்துக் கிடந்த மூடுபனி வந்தே விட்டது. அதுவும் எந்த நாளில்!

சென்ற வாரம் அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக அவள் உட்கார்ந்திருந்தபோது நாம் விடைபெற்றோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

துளி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். மூடுபனியில் எத்தனை துளி இருக்கிறது என்று எண்ணுவதற்காக ஐந்து வருடமாக ஆராய்ச்சிப் படிப்பு படிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? துளிகளை எண்ண மெஷின் உண்டு. மெஷின் சொல்லும் கணக்கு சரிதானா என்று கையால் எண்ணிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாலு அத்தியாயம் எழுதியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு ஆறு மணி நேரம் கலையாமல் நிற்கும் பனி வேண்டும். வருகிற பனியெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரத்தில் விருந்தாளி மாதிரி கிளம்பிவிடுகிறது.

இதற்கிடையில் ஒரு புதன்கிழமை, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பேச்சுப் பயிற்சித் துறையில் நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டத் தெளிவான குரல் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு நாள் என்றுதான் போனாள். எட்டு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் போய்க்கொண்டிருக்கிறாள். பேச்சை இழந்தவர்கள் அதைத் திரும்பப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் மனத்தில் நிற்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் அந்தத் துறையின் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு படிப்பில் ஒரே சமயத்தில் பெயர் இருக்கக் கூடாது. ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த இடம். ஆறு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். பட்டியலில் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார்கள். விலகினால் இதுவரை எழுதிய அத்தியாயங்களும் எண்ணிய எண்ணிக்கைகளும் பழைய துறைக்கே சொந்தம். வேறு யாராவது எடுத்து முடித்துக்கொள்ளலாம்.

கடைசி நேரம் இன்று, புதன்கிழமை, மாலை ஐந்து மணி.

இது புருஷனுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. சிக்கலே அங்கேதான்.

ஏனென்றால் அந்த ஆராய்ச்சியை முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்வது அத்தை. அத்தை என்றால் மாமியார்; கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளின் கோழிக்கிறுக்கலைப் படிக்க உலகத்திலேயே அவர் ஒருவரால்தான் முடியும். மற்ற வீடுகளில் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள். இந்த வீட்டில் கால்புள்ளியில் முட்டிக்கொள்வார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று தடவை அடித்துக் கொடுத்திருக்கிறார். அவரிடம் போய், "அத்தை, எல்லாத்தையும் விட்டுட்டுப் போறேன்" என்று எந்த வாயால் சொல்வது?

துளி பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அவள் புருஷன் குனிந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணி," என்றான் மெதுவாக.

"தெரியும்."

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்றது?"

"நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். உன் மூலமா தூது விட்டேன்னு அது வேற சேரும்."

அவன் சிரித்தான். "பனி வேற வந்து நிக்குது. அது ஆறு மணி நேரம் நின்னுடுச்சுன்னா?"

அதைத்தான் அவளும் ஜன்னலைப் பார்த்த நொடியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். பனி நின்றால் ஐந்தாம் அத்தியாயம் கைக்கு வந்துவிடும். இன்னும் மூன்று மாதம் எழுதினால் பட்டம். ஐந்து வருடத்துக்கு ஒரு பதில். யாருக்கும் முகம் கொடுக்க முடியாமல் ஒளிய வேண்டியதில்லை.

"நீ என்ன சொல்றே? விடலாமா, முடிக்கலாமா?"

"நான் லிஃப்ட்காரன்ப்பா. எந்த மாடின்னு சொன்னா அங்க கொண்டு போய் நிறுத்துவேன். எந்த மாடிக்குப் போகணும்னு என்னைக் கேக்காதே."

பிடி கொடுக்காமல் பேசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குள் உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"பனி வந்திருக்கு பாரு. என்ன அங்க வெட்டிப் பேச்சு? ஓடு. மப்ளரை எடுத்துக்க."

துளி ஓடினாள்.

தெரு முழுக்கப் பாலுக்குள் விழுந்து கிடந்தது. பத்தடிக்கு அப்பால் உலகம் கிடையாது. பஸ் வரும் சத்தம் கேட்டது, பஸ்ஸைக் காணவில்லை. யாரோ தும்மினார்கள், ஆளைக் காணவில்லை. எதிரே வந்த சைக்கிள் மணி அவளைத் தாண்டிப் போன பிறகுதான் சைக்கிளும் இருந்தது என்று தெரிந்தது. தினமும் நடக்கிற வழிதான். ஆனால் அன்று அவள் கால்கள் அதை முதல் தடவையாக நடப்பது போல் தயங்கித் தயங்கி நடந்தன. இப்படியே நடந்துகொண்டே இருந்தால் ஐந்து மணியே வராது என்று ஒரு நப்பாசைகூட எழுந்தது.

துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அவளுக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. உள்ளே மைக்ரோஸ்கோப், ஒரு முக்காலி, எண்ணெய் தடவிய கண்ணாடி ஸ்லைடுகள் அடுக்கிய பெட்டி. சரியாக எட்டு மணிக்கு முதல் ஸ்லைடை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் அருகே போய், காற்று வரும் திசையில் கையை நீட்டிப் பத்து வினாடி பிடித்தாள். துளிகள் வந்து ஒட்டிக்கொண்டன. ஓடிப் போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்தாள். ஒவ்வொரு அரை மணிக்கும் இப்படி ஒன்று. எட்டிலிருந்து இரண்டு வரைக்கும் பதிமூன்று.

அவளுடைய பேராசிரியர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும். ஒருவர் கை நடுங்கும், ஒருவர் கை நடுங்காது. ஒருவர் உயர்த்திப் பிடிப்பார், ஒருவர் தாழ்த்திப் பிடிப்பார். நடுவில் கை மாறினால் அத்தனையும் குப்பை. ஆகையால் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஐந்து வருடமாகப் பனி வரும் நாளெல்லாம் அவளும் அந்த வலது கையும்தான்.

எட்டரை. ஒன்பது. ஒன்பதரை. பனி அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெண்மை. கட்டடத்துக்கு அடிப்பாகம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. துளிக்குத் தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பது புரியாத ஒரு மயக்கம். கை தானாக நீண்டது, தானாக மடங்கியது. எண்ணிக்கைகள் தாமாக நோட்டில் ஏறின.

பத்தரை ஸ்லைடை முடித்தபோது கீழே இருந்து பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். இடையில் இருபது நிமிடம் இருந்தது. இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

"நிக்குதா?" என்றார், அவள் உள்ளே நுழைவதற்கு முன்பே.

"நிக்குது சார்."

"பிரமாதம்! பிரமாதம்!" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் பனியைத் தவிர வேறு எது வந்து நின்றாலும் அவர் கண்ணில் படாது. "இது மட்டும் ரெண்டு மணி வரைக்கும் நின்னுடுச்சுன்னா மூணே மாசம். முடிஞ்சுது போ. இந்தா, நாலாம் அத்தியாயம். வரிவரியாப் பார்த்துட்டேன். சின்னச் சின்னத் திருத்தம்தான்."

இந்த "மூணே மாசம்" ஒன்றரை வருடமாகக் கேட்பது. துளி அந்தத் தாள்கட்டை வாங்கிக்கொண்டு படியேறினாள். ஏறும்போதே புரட்டினாள். சிவப்புப் பென்சில் அங்கங்கே ஓடியிருந்தது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்ததும் நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலே ஓர் அட்டவணை. கீழே காற்றின் வேகத்தைப் பற்றி ஒரு பத்தி. இரண்டுக்கும் நடுவில், அத்தையின் பிசிறில்லாத தட்டச்சில், இப்படி இருந்தது:

'இன்று நானூற்று இருபது துளிகளை எண்ணினேன். யாருக்காக என்று தெரியவில்லை. வாரத்தில் புதன்கிழமை ஒரு நாள்தான் நான் முழுதாக விழித்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் தூக்கத்தில் நடப்பது போல் இருக்கிறது.'

அவள் எழுதியதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால், கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், மனசு தாங்காமல் தனக்குத் தானே கிறுக்கியது. அழிக்க மறந்துவிட்டாள். அதை அத்தை ஒரு எழுத்து விடாமல் அடித்து வைத்திருக்கிறார்.

துளிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அத்தை படித்திருக்கிறார். சார் படித்திருக்கிறார். ஊருக்கே தெரிந்துவிட்டது.

பிறகுதான் ஓரத்தில் இருந்த சிவப்புப் பென்சில் கண்ணில் பட்டது. முதல் வாக்கியத்துக்கு நேரே, 'அட்டவணையோடு ஒப்பிடவும்' என்று எழுதியிருந்தார். புதன்கிழமை வாக்கியத்துக்கு நேரே இரண்டே சொற்கள்.

'சான்று தேவை.'

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நடுப்படியில் உட்கார்ந்து, கட்டை மடியில் வைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, வரிவரியாகத்தான் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்தும், அவள் நடுவில் நின்று கத்துவது அவருக்குக் கேட்கவில்லை.

பதினொரு மணி ஸ்லைடுக்கு நேரமாகிவிட்டது. ஓடினாள்.

பன்னிரண்டரை ஸ்லைடை முடித்தபோது இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு சாப்பாட்டுப் பை வந்தது, அப்புறம் அத்தை வந்தார்.

"அத்தை! இந்தப் பனியில எப்படி வந்தீங்க?"

"நடந்து வந்தேன். நாலு பேரை முட்டினேன். மூணு பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"நாலாவது ஆள்?"

"அது கம்பம்."

சாப்பாட்டைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு அத்தை கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றார். ஒரு கை நீளத்தில்தான் நின்றார். ஆனாலும் முகம் சரியாகத் தெரியவில்லை. அது துளிக்கு நிம்மதியாக இருந்தது. பனிக்குள் பேசுவது விளக்கை அணைத்துவிட்டுப் பேசுவது மாதிரி. சொல்ல வேண்டியது கொஞ்சம் சுலபமாக வெளியே வரும்.

"சார் கட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாரு," என்றாள்.

"ம்."

"நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம்."

"ம்."

"அது ஓரத்துல கிறுக்கினது அத்தை. அடிக்க வேண்டியது இல்லை."

"தெரியும்."

துளி திரும்பிப் பார்த்தாள். அத்தை பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

"கோர்ட்ல சாட்சி என்ன சொன்னாலும் அடிக்கணும். அழுதா அழுதாங்கன்னு அடிக்கணும். எது வேணும் எது வேண்டாம்னு பார்க்கிறது நம்ம வேலை இல்லை. அந்தப் பழக்கம்னு வச்சுக்கோயேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பழக்கம் மட்டும் இல்லை. அதை அடிச்சுட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எடுத்துடலாமான்னு பார்த்தேன். இருக்கட்டும், உங்க சார் படிச்சுட்டு உன்னைக் கூப்பிட்டு, என்னம்மா உனக்குன்னு கேப்பாருன்னு விட்டுட்டேன்."

"சான்று தேவைன்னு எழுதியிருக்காரு."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். துளியும் சிரித்தாள். கண்ணுக்குத் தெரியாத ஊரின் மேல் இரண்டு பெண்கள் நின்று சிரித்த சிரிப்பு எங்கே போய் விழுந்ததோ தெரியவில்லை.

"நீங்களே கேட்டிருக்கலாமே அத்தை?"

"அடிக்கிறவ கேள்வி கேக்கக் கூடாதும்மா. அது வக்கீல் வேலை." சிரிப்பு நின்றிருந்தது. "ஆனா ஒண்ணு. மூணு தடவை அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. அந்த இருநூத்திப் பன்னெண்டு பக்கத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அத்தை, எனக்கு இது பிடிக்கலை'ன்னு உன் வாயில வரலை பாரு. காகிதத்து ஓரத்துக்குச் சொன்னே. எனக்குச் சொல்லலை."

திட்டினால் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. அங்கேயே, அப்போதே, எல்லாவற்றையும் கொட்டினாள். கடிதம், ஐந்து மணி, கையெழுத்து, பட்டியலில் காத்திருக்கும் அடுத்த ஆள், எழுதியதெல்லாம் துறைக்குப் போய்விடும் என்பது, ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒரு மணி ஸ்லைடுக்கு நேரமாயிற்று. அதைப் பிடித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னாள்.

அத்தை முழுவதையும் கேட்டார்.

"இன்னும் எத்தனை கண்ணாடி பாக்கி?" என்றார் கடைசியில்.

"ஒன்றரைக்கு ஒண்ணு. ரெண்டு மணிக்கு ஒண்ணு."

"ரெண்டே ரெண்டு. பனியும் நிக்குது. முடிச்சுடும்மா. அஞ்சு வருஷம். மூணு மாசத்துல ஒண்ணும் குடி முழுகிப் போகாது. கையில ஒரு பட்டம் இருக்கட்டும், அப்புறம் எங்க வேணா போ."

"அப்புறம்னா அந்த இடம் இருக்காது அத்தை."

"இடம் இன்னொண்ணு வரும்."

"வரலைன்னா?"

அத்தை முக்காலியில் போய் உட்கார்ந்தார். வரும் என்று பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒன்றரை ஸ்லைடு பன்னிரண்டாவது. பத்து வினாடியும் பிடித்துவிட்டாள். படம் எடுத்தாள். நோட்டில் எழுதினாள். இனி ஒன்று.

இரண்டு மணிக்குப் புதன்கிழமைப் பேச்சுப் பயிற்சி வகுப்பு. அதிலும் இன்றைக்கு அந்தத் துறையின் தலைவி அம்மாள் அவளையே நடத்தச் சொல்லியிருந்தார். வருகிறவர் ஒரு லாரி ஓட்டுநர். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே விழுந்துவிட்டது. கதவை மூடித் தொடங்கிய பிறகு யாராவது நடுவில் நுழைந்தால் அன்று முழுக்க உதட்டைப் பிரிக்க மாட்டார். ஆகையால் பத்து நிமிடம் தாமதமாகப் போவதெல்லாம் நடக்காது. அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே இருக்க வேண்டும்.

ஒன்று ஐம்பது. துளி பதிமூன்றாவது ஸ்லைடைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

பனி நின்றது. அவள் கேட்டபோதெல்லாம் வராத பனி, கெஞ்சியபோதெல்லாம் கலைந்த பனி, இன்று போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. இந்த ஒரு கண்ணாடியைப் பத்து வினாடி பிடித்தால் ஐந்து வருடமும் கோத்துக்கொண்டு ஒழுங்காகிவிடும். பிடிக்காவிட்டால் அந்த ஐந்து வருடத்துக்கும் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், அந்த நிமிடம் அவள் மனத்தில் இருந்ததெல்லாம் அடைத்த கதவுக்குப் பின்னால் தன் வரவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் முகம்தான்.

ஸ்லைடைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"நான் போறேன் அத்தை."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "படி வழுக்கும், பார்த்து இறங்கு," என்றார்.

பேச்சுப் பயிற்சி அறை சின்னது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். ஓட்டுநரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். துளி கதவை மூடிவிட்டுப் பட அட்டைகளை எடுத்து வைத்தாள். டம்ளர் படத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. செருப்பு படம். அதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் அவர் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நல்ல கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துளி அட்டையை எடுக்கவில்லை. அவர் பார்ப்பதையே அவளும் பார்த்தாள். ஜன்னலில் பனி. அறையே எங்கோ அந்தரத்தில் மிதப்பது போல் இருந்தது. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய நல்ல கை மேஜை மேல் மெல்ல நகர்ந்தது. எதையோ பிடித்துத் திருப்புவது போல் விரல்கள் மடங்கின.

"லைட்ட..." என்றார்.

மனைவி விறைத்து நிமிர்ந்தாள்.

"லைட்டப்... போட்டு..." கழுத்து நரம்பு புடைத்தது. "மெதுவா. மெதுவாப் போ."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை மாதம் கழித்து அவள் புருஷன் தானாக ஒரு பேச்சுப் பேசுகிறான்! பனியில் எப்படி வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்கிறான். ஐந்து வருடம் பனியைப் படித்தவளுக்கு அதைப் பற்றி இதைவிட நல்ல வாக்கியம் ஒன்று எழுத வந்ததில்லை.

"போட்டாச்சு அண்ணே," என்றாள் துளி. குரல் உடைந்தது. "லைட்டைப் போட்டாச்சு. மெதுவாத்தான் போறேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

மூன்றரை மணிக்குத் துறைத் தலைவி அம்மாளின் அறையில் கையெழுத்துப் போட்டாள். விலகல் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினாள். அதன் நகல் நாளைக் காலைத் தபாலில் பேராசிரியர் மேஜைக்குப் போகும் என்றார் எழுத்தர். துளிக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நீண்ட தூக்கத்துக்குப் பிறகு முகம் கழுவிக்கொண்டது போல் இருந்தது.

வெளியே வந்தபோது வெயில் அடித்தது. மரம், கம்பம், பஸ், மனிதர்கள் என்று எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன. மொட்டை மாடிக்கு ஏறினாள். கொட்டகையைப் பூட்ட வேண்டும். சாப்பாட்டுப் பையை எடுக்க வேண்டும்.

அத்தை இன்னும் அங்கேயே இருந்தார். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

"வீட்டுக்குப் போகலையா அத்தை?"

"போகலை."

துளி கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"ரெண்டு மணிக்குப் பனி இருந்துச்சா?"

வேறு எந்த மாமியாராக இருந்தாலும், நீ போனதுமே கலைந்துவிட்டது, எடுத்திருந்தாலும் வீண்தான் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஆற்றியிருப்பார்.

"இருந்துச்சு," என்றார் அத்தை. "நல்லா இருந்துச்சு. ரெண்டு நாப்பதுக்குத்தான் கலைஞ்சுது."

துளி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் அத்தை."

"உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது." அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு முகம். இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இப்படி இருந்துச்சு. அப்புறம் நான் பார்க்கலை."

பிறகு அத்தை எழுந்து, மைக்ரோஸ்கோப் அருகில் கிடந்த நாலாம் அத்தியாயத்தை எடுத்தார். பக்கங்களைத் தட்டி விளிம்பைச் சரி செய்தார். சாப்பாட்டுப் பையைக் காலி செய்து அதற்குள் கட்டை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உங்க சாரைப் பார்க்க வரேன். கீழே போய் நேரம் கேட்டுட்டேன்."

துளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு அத்தை? என்னைத் திரும்பச் சேர்த்துக்கச் சொல்லவா? வேண்டாம்..."

"உனக்காக இல்லை."

அத்தை பையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு தடுமாற்றம் வந்தது.

"முப்பத்தொரு வருஷம் தீர்ப்பு அடிச்சேன். ஜட்ஜ் பேரு வரும், வக்கீல் பேரு வரும், திருடன் பேருகூட வரும். அடிச்சவ பேரு எதுலயும் வராது. உன் புஸ்தகத்துல முதல் பக்கத்துல நன்றின்னு ஒண்ணு இருக்கும்ல, அதுல நான் வருவேன்னு நினைச்சுட்டு இருந்தேன். இனிமே யாரோ ஒருத்தர் எடுத்து முடிக்கப் போறாங்க. முடிக்கிறவங்க, இதுவரைக்கும் அடிச்சது யாருன்னு ஒரு வரி போடுவாங்களான்னு கேக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இரும்புப் படியில் இறங்க ஆரம்பித்தார்.

துளி அசையாமல் நின்றாள். யாருக்காக எண்ணுகிறேன் என்று ஓரத்தில் எழுதி அழுதவளுக்கு, அந்த வரியையே அடித்துக்கொடுத்தவர் எதற்காக அடிக்கிறார் என்று ஐந்து வருடத்தில் ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். "அத்தை" என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.